மூஞ்சியும் காலி இடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கேமரா உதவியாளன் பிழைப்பைக் கேட்காதீர்கள். எங்கள் டைரக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மூஞ்சி’. எந்தக் காட்சியானாலும், “மூஞ்சிய ஃபுல்லா வைப்பா” என்பார். அதற்குமேல் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

நேற்று, வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணைக் காட்ட வேண்டும். யாரோ வரப்போகிறார்கள் என்று பார்க்கிறவன் பதற வேண்டும். அவளை ஓரத்தில் வைத்து, பின்னால் திறந்த கதவைக் காலியாக விடலாம் என்றேன்.

“காலி இடத்த எவன்யா பார்ப்பான்?” என்று கத்தினார் அந்த மேதை. கேமராவைச் சாய்த்து, மூஞ்சியில் விளக்கடித்து எடுத்தோம். அவளுக்குப் பல்வலி மாதிரி இருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய போட்டோ கிடைத்தது. சோபா ஓரத்தில் நீங்கள். பக்கத்தில் அப்பா உட்காரும் இடம் காலி. ‘அப்பா கடைக்குப் போயிருக்கார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதப் போட்டோவிலும் கடைக்குத்தான் போயிருந்தார்.

யூனிட் வண்டி ஹாரன் அடிக்கிறது. அப்பாவை அங்கே உட்காரவைத்து உடனே ஒரு படம் அனுப்புங்கள். இந்த ஒரு தடவை, முகத்தை ஃபுல்லாக வைத்து.

உங்கள் மகன்