நம் பணத்தில் செலுத்துக

மார்ச் 3, திங்கள்

பதினொரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். பிரேக்கைத் தளர்த்தி, கையால் சுற்றி மேலே கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்தவர் நன்றி சொல்லவில்லை, கேஸ் போடுவேன் என்றார். “போடுங்க சார், கோர்ட்லயும் நீங்க லிஃப்ட்லதான் போகணும்” என்றேன். மேற்பார்வையாளர் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

ஐந்து மணிப் பாடத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தேன். பேச்சுப் பயிற்சி டீச்சர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அங்கே அப்போது காலை. தமிழில் சொல்லிக்கொடுக்க ஊரெல்லாம் தேடியும் ஆள் கிடைக்காமல், கடைசியில் இணையத்தில் கிடைத்த பெண். முப்பது வயதுகூட இருக்காது. இவளை அக்கா என்கிறாள், என்னை அண்ணா என்கிறாள்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கால் வந்துவிட்டது, கை பாதி வந்துவிட்டது. பேச்சுதான் இன்னும் வரவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ‘அது’தான். முதல் வருடத்தில் எவ்வளவு பேசவைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

இன்று ‘கரண்டி’ என்றாள். முழுசாக. டீச்சர் அங்கே கைதட்டினாள், நான் இங்கே தட்டினேன். இரண்டு பேரையும் பார்த்து இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

பாடம் முடிந்ததும் பணம் கட்டினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத்தான் கட்டுகிறேன். வேலை முடிந்தால் காசு — முப்பது வருடமாக நான் வாங்கியதும் அப்படித்தான், கொடுப்பதும் அப்படித்தான்.

இதெல்லாம் இவள் பார்த்துக்கொண்ட வேலை. துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற பெரிய கடையில் இருபத்திரண்டு வருடம் கேஷியராக இருந்தவள். வீட்டில் பால் கணக்கிலிருந்து வரி வரைக்கும் அவள் கையில். நான் சம்பளக் கவரை மேஜையில் வைப்பதோடு சரி. இப்போது ஒவ்வொரு முறையும் செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று தொடுகிறேன். எந்தப் பணத்தில் கட்டுகிறீர்கள் என்று அந்தத் தளம் கேட்கும். நம் பணத்திலா, டீச்சர் நாட்டுப் பணத்திலா? நம் பணத்துக்கு நேரே ஏற்கெனவே புள்ளி வைத்திருக்கும். கீழே பச்சை எழுத்தில் ‘சேவைக் கட்டணம் இல்லை’ என்று போட்டிருக்கும். பிறகென்ன, நம் பணம்தானே பத்திரம் என்று அதையே அமுக்கிவிடுவேன்.

ஜனவரியில் ஒரு பாடத்துக்கு ஆயிரத்து நூற்று முப்பது போனது. பிப்ரவரியில் ஆயிரத்து நூற்றைம்பது. இன்று ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து. டீச்சர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றுகிறாள். சொல்லிவிட்டு ஏற்றினால் என்ன, நான் கடித்துத் தின்றுவிடுவேனா?

மார்ச் 10, திங்கள்

ஆயிரத்து இருநூறு! நாலு நாளில்!

மாதம் எட்டுப் பாடம். இதற்கென்று நான் ஒதுக்கியது ஒன்பதாயிரம். மருந்து, உடற்பயிற்சிக்காரர், வாடகை போக அதற்குமேல் ஒரு காசு கிடையாது. இப்போதே கையைக் கடிக்கிறது. இப்படி ஏறிக்கொண்டே போனால் ஜூனில் எங்கே போய் நிற்பேன்? பாதியில் மொத்தமாக நிறுத்துவதைவிட இப்போதே குறைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டலாம்.

என்ன வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். கழிப்பது அவளுடைய வார்த்தைகளையல்லவா?

மார்ச் 11, செவ்வாய்

டீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். ‘இனிமேல் திங்கள் மட்டும் போதும்.’ காரணம் எழுதவில்லை. ‘சரி அண்ணா’ என்று பதில் வந்தது. அவளும் காரணம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. கதவைத் திறந்தால், இடது கையால் தானே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வகிடு கோணலாக இருந்தது. சர்க்கரை டப்பா, டேப்லெட் எல்லாம் தயார். மணி நாலரைகூட ஆகவில்லை.

“இன்னைக்குப் பாடம் இல்லம்மா” என்றேன்.

“ஏ... அது?”

“டீச்சருக்கு வேற ஆளுங்க நிறைய வந்துட்டாங்களாம். நேரம் இல்லையாம். இனிமே திங்கக்கிழமை மட்டும்தானாம்.”

பொய் என்ன சரளமாக வருகிறது எனக்கு! இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. அவசர வேலை என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எந்த லிஃப்டும் எங்கேயும் நிற்கவில்லை. ஏழு மணிவரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 15, சனி

இரண்டு நாளாக ‘ஆமா’கூட இல்லை. தலையாட்டல்தான்.

மார்ச் 17, திங்கள்

பாடம் நடந்தது என்று சொல்ல முடியாது. டீச்சர் படம் காட்டுகிறாள், இவள் ஜன்னலைப் பார்க்கிறாள். கரண்டியைக் காட்டினாள். போன மாதம் வராத வார்த்தை, இந்த மாதம் வந்த வார்த்தை. வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, “கரண்டின்னு சொல்லேன், தெரியும்ல உனக்கு?” என்று கத்திவிட்டேன். டீச்சர், “அண்ணா, நீங்க கொஞ்சம் உள்ள போறீங்களா?” என்றாள். சின்னப் பெண், என்னை என் வீட்டில் உள்ளே போகச் சொல்கிறாள். போனேன்.

இவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்று அடுப்படியில் நின்றபோதுதான் உறைத்தது. தேறாத கேஸ் என்று டீச்சர் தன்னைக் கைகழுவிவிட்டதாக நினைக்கிறாள். வேறு ஆட்களுக்கு நேரம் இருக்கிறது, தனக்கு இல்லை என்று நினைக்கிறாள். நானே என் வாயால் சொன்னதுதானே அது?

முடிந்ததும் பணம் கட்டப் போனால் ஆயிரத்து இருநூற்றுப் பத்து. வயிறு எரிந்துபோய் டீச்சருக்கு எழுதித் தள்ளிவிட்டேன். ‘மாதாமாதம் சொல்லாமல் ஏற்றினால் எங்களை மாதிரி ஆட்கள் என்ன செய்வது? மிளகாய் அரைக்க என் தலைதான் கிடைத்ததா? நீங்கள் விலை ஏற்றியதால்தான் வியாழக்கிழமையை நிறுத்தினேன்.’ இன்னும் என்னென்னவோ. அனுப்பிவிட்டுத்தான் திரும்பப் படித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. இடைவேளையில், மெஷின் ரூம் படியில் உட்கார்ந்து படித்தேன்.

‘அண்ணா, நான் ஆரம்பத்தில் சொன்ன இருபதுதான் இன்றுவரைக்கும். ஏற்றவே இல்லை. எனக்கு வந்த ரசீது எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அக்காவுக்கு இனி நான் வேண்டாமோ என்று நானும் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் காரணம் கேட்கவில்லை. அவங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா?’

இருபது. இருபது. இருபது. ஜனவரியிலிருந்து எல்லா ரசீதிலும் அவள் நாட்டுப் பணத்தில் அதே இருபது. என் பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நடுவில் எவனோ உட்கார்ந்து தின்றிருக்கிறான். நான் அந்தப் பெண்ணைத் திருடி என்று சொல்லாத குறை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ஆனால் எங்கே போனது அந்தக் காசு? சேவைக் கட்டணம் இல்லை என்றுதானே போட்டிருந்தான்?

மார்ச் 19, புதன்

இன்றைக்கு நடந்ததைச் சரியாக எழுதிவைக்க வேண்டும்.

வேலைக்குப் போகவில்லை. காலையில் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். டீச்சர் உன்னைக் கைவிடவில்லை, நான்தான் நிறுத்தினேன், காசு ஏறியது, உன்னிடம் பொய் சொன்னேன், இப்போது பார்த்தால் அவள் ஏற்றவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

இவள் முகம் சிவந்தது. தேநீரைத் தள்ளிவைத்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். இடது கையை நீட்டி, “அது” என்றாள். என் சட்டைப் பையிலிருந்த செல்போன்.

கொடுத்தேன். என் ரசீதுகள், டீச்சர் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செய்தித்தாளைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினாள். அதில் அன்றன்றைக்கு எந்த நாட்டுப் பணம் என்ன விலை என்று போடுகிற மூலையை விரலால் தட்டினாள். பென்சிலை எடுத்து இடது கையால், கோணல்மாணலாக, எழுதினாள். இருபது. அதைப் பெருக்கினாள். ஆயிரம். பக்கத்தில் நான் கட்டியதை எழுதினாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டாள், பென்சில் முனை உடைகிற மாதிரி.

பேச்சு போனவளுக்குப் பெருக்கல் போகவில்லை. ஏழு மாதமாக இதே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

பிறகு ரசீதில் எறும்பு மாதிரி இருந்த எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டினாள். ‘மாற்று விகிதம்.’ ஊரெல்லாம் ஐம்பது என்றால் இந்தத் தளத்துக்காரன் ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறான், அதையும் ஜனவரியிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறான். கட்டணம் இல்லைதான். விலையிலேயே எடுத்துக்கொண்ட பிறகு கட்டணம் எதற்கு? போதாததற்குப் பாங்கும் தன் பங்குக்குத் தடவைக்கு ஒரு தொகை பிடித்திருக்கிறது. அதை நான் வரி என்று நினைத்திருந்தேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

நான் கேட்காமல் இருந்திருந்தால் இன்று புதன்கிழமை வெறும் புதன்கிழமையாகவே போயிருக்கும்.

“கடை” என்றாள். நெற்றி சுருங்கியது. “கப்பல்... ஆளுங்க.”

“கடைக்குக் கப்பல்காரங்க வருவாங்க. சரி.”

“கார்டு. மெஷின்... கேக்கும்.” இரண்டு விரலைக் காட்டினாள். “ரெண்டு.”

“என்ன ரெண்டு? பின் நம்பரா? பில்லா?”

மேஜையில் ஓங்கித் தட்டினாள். வாயை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

“அவங்க காசா... நம்ம காசா.” மூச்சு வாங்கினாள். “அவங்களுக்கு... தெரியாது. நான்... நான் அமுக்குவேன். அவங்க காசு. முதலாளி... சொன்னாரு. கமிஷன்.”

அப்போதுதான் விளங்கியது. அந்த மெஷின் கேட்கிற கேள்வியை வாங்க வந்தவனிடம் காட்டாமல் இவளே அமுக்கிவிடுவாளாம். அவன் ஊர்ப் பணத்திலேயே அவனுக்குக் கூடுதலாகப் போகும், கடைக்குப் பங்கு வரும். எனக்கு இத்தனை நாள் என்ன ஆனதோ, அதேதான்.

“எனக்கும்... குடுத்தாரு” என்றாள். “கொஞ்சம். நான்... வாங்கினேன்.” கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. “பாவம்... அவங்க.”

முப்பத்தொரு வருடம் கூடவே வாழ்ந்திருக்கிறேன், இதை என்னிடம் சொன்னதில்லை. பேசத் தெரிந்த காலத்தில் சொல்லாததை இன்று இத்தனை கஷ்டப்பட்டுச் சொல்கிறாள். “நீயா வெச்ச சட்டம் அது? விடுடி” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணிலும் தண்ணீர். எனக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை என்பதை இவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு முழுக் கதை சொல்லியிருக்கிறாள். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் வைத்து.

மார்ச் 20, வியாழன்

பாங்குக்குப் போன் போட்டேன். நம் பணத்தில் செலுத்த நான் சம்மதம் கொடுத்திருக்கிறேனாம், எதுவும் திரும்ப வராதாம். கத்த வாயெடுத்தேன். இவள் போனை வாங்கி வைத்துவிட்டாள்.

மார்ச் 22, சனி

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நாலு தடவை எழுதி அழித்தேன். ‘பரவாயில்லை அண்ணா, இன்னும் கொஞ்சம் கூடத் திட்டியிருக்கலாம், பாதி எனக்குப் புரியவே இல்லை’ என்று பதில். நல்ல பெண்.

வியாழக்கிழமைப் பாடம் மறுபடி உண்டு. இனி பணம் கட்டுவது இவள். டீச்சர் நாட்டுப் பணத்தைத் தொட்டாள். நான்கு வாரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கட்டினால் பாங்கும் ஒரு தடவைதான் பிடிக்குமாம், அதையும் எழுதிக் காட்டினாள். “வேலை முடியறதுக்கு முன்னாடியே காசா?” என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். சரி, கட்டு என்றேன். எட்டுப் பாடத்துக்கு எட்டாயிரத்து ஐம்பது. ஒன்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

ஐந்து மணிப் பாடம். நானாகவே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

“எப்படி இருக்கீங்க அக்கா?” என்று டீச்சர் கேட்பது காதில் விழுந்தது. இவள் எப்போதும் தலையாட்டுகிற கேள்வி.

“கோவம்” என்றாள் இவள்.

“அய்யோ, யார் மேல?”

“இவரு.” என் பக்கம் கை காட்டியிருக்க வேண்டும்.

டீச்சர் படத்தை எடுக்கவே இல்லை. இவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் டீச்சருக்கு நேரம் இல்லை என்று சொன்னதை. பொய் என்றாள். அந்த வார்த்தை முதல் தடவையே சுத்தமாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியதை. “நான்... அழுதேன். ரொம்ப நேரம்” என்றாள். அது எனக்குத் தெரியாது. ஏழு மணிக்கு நான் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள், அவ்வளவுதான் பார்த்தேன். இடையிடையே வார்த்தை நின்றுவிடும். எந்த வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்கவில்லை. அவளே தேடி எடுத்தாள்.

பிறகு காசுக் கதை. இருபது, ஐம்பது, ஐம்பத்தெட்டு. எல்லாம் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி:

“என்கிட்ட கேட்டிருக்கலாம்.”

பிறகு டீச்சர் மெதுவாக, “அக்கா, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

“என்கிட்ட கேட்டிருக்கலாம்” என்றாள் இவள். இந்த முறை இன்னும் சத்தமாக, அடுப்படிக்கும் கேட்கிற மாதிரி.

தேநீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்று, என்மேல் இருந்த மீதிப் புகாரையும் கேட்டேன். ஆறு மணிவரைக்கும் சொன்னாள்.