நாற்பத்தேழாம் கோப்பு

மார்ச் 4, டுலூத்
வலிப்பு நோய் என்று எத்தனை பேருக்குத் தவறாக முத்திரை குத்தியிருக்கிறோம்? அதுதான் என் ஆய்வு. பெயரையும் பழைய அறிக்கையையும் மறைத்துவிட்டு, அறுபது மூளை அலைப் பதிவுகளைத் திரும்பப் படிக்கிறேன். இன்று நாற்பத்தேழாவது. காதோரம் கூரான அலைகள். அரைத் தூக்கத்தில் வருபவை, ஆபத்தில்லாதவை. ‘இயல்பு’ என்று போட்டேன். இதைப் போய் வலிப்பென்று எழுதிய புத்திசாலி யாரோ!

மார்ச் 6
அந்தப் புத்திசாலி நான்தான்.

அறுபதும் முடிந்தது, மறைத்த பெயர்களைத் திறந்தோம். நாற்பத்தேழாவது வெர்ன் டுலாக், தெருவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுநர். முடிவெட்டும் கடையில் மயங்கி விழுந்து வந்தவர். மூன்று வருடம் முன்பு, பயிற்சியின் இரண்டாம் ஆண்டில், ‘வலிப்பு நோய்’ என்று எழுதியிருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் போயிற்று. இன்றுவரை மாத்திரை. கீழே, அப்போது எனக்குப் பயிற்சி தந்த டாக்டர் பெட்டிபோனின் கையெழுத்தும் இருக்கிறது.

மார்ச் 7
பெட்டிபோன் சொன்னார்: “அடுத்த வாரம் உனக்கு நிபுணர் சான்றிதழுக்கான போர்டு பரீட்சை. அது முடியட்டும் மாரிட். மூணு வருஷம் போயிடுச்சு, பத்து நாள்ல என்ன ஆயிடப்போகுது?”

படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பத்து நாள் — யாருடைய பத்து நாள்?

மார்ச் 8
வெர்னுக்கு போன் செய்துவிட்டேன்.

மார்ச் 13
வந்தார். மறுபடி பதிவு எடுத்தோம். அதே அலைகள்தான்.

“நான்தான் தப்பாப் படிச்சேன்,” என்றேன்.

“நானும்தான்,” என்றார் பின்னால் நின்ற பெட்டிபோன்.

வெர்ன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அந்த மாத்திரையைப் போட்டா பொண்டாட்டி பேரே நாக்குல வராது, தெரியுமா?” என்றார். கதவருகே போய்த் திரும்பினார். “உங்க வீடு எந்தத் தெரு, டாக்டர்?”

“லார்ச் தெரு.”

“நான் பனி தள்ளின பழைய ரூட்டு.” போய்விட்டார்.

ஜூலை 2
கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த மாத்திரை இன்றோடு நின்றது. இந்தத் தடவையும் தப்பாகப் படித்திருந்தால்? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்? போன் அடித்தால் வெர்னோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 19
பரீட்சையில் தேறிவிட்டேன். சான்றிதழ் உறையிலேயே இருக்கிறது.

டிசம்பர் 9
இரவெல்லாம் பனி. காலையில் வண்டி வந்து தெருப் பனியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. மற்ற வீடுகளின் முன்னால் கார் போக வழி இருக்கிறது. என் வீட்டு முன்னால் மட்டும் இடுப்பளவு பனிச்சுவர். ஒரு மணி நேரம் அள்ளினேன். முதுகு விட்டுப்போயிற்று. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஏன் லேட்டு?” என்றார் ஆஸ்பத்திரியில் பெட்டிபோன்.

“வெர்ன் வேலைக்கு வந்துட்டார்,” என்றேன்.