மஹராக வந்த தீவுக்காசு

பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் துண்டுச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று அன்று நான் உனக்குச் சொல்லவில்லை. இன்று அலுமாரியில் வேறெதையோ தேடும்போது அந்த நீல வெல்வெட் பெட்டி கையில் தட்டுப்பட்டது, என் மாமி மகளே, மச்சி.

உன் நிக்காஹ் நாள். சம்மதம் கேட்க உன் வாப்பாவும் சாட்சிகளும் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். சவூதியில் வேலைசெய்த மாப்பிள்ளை இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கிவந்த மஹர், மணப்பெண்ணுக்கான கொடை, ஒற்றைக் காசாக உன் மடியில் இருந்தது. ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் ஏதோவொரு சின்னத் தீவின் பெயர். தங்கக் காசு என்றுதான் நிக்காஹ் நடத்தவந்த லெவ்வை பதிவில் எழுதினார். பெட்டியின் அடியிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினாய்.

"நீதானே பொஸ்தகப் பூச்சி. வாசி பாப்பம்."

துண்டில் இருந்தது இதுதான்: சேகரிப்போருக்காகச் செய்தது; செம்பில் தங்க முலாம்; பணமாக எங்கும் செல்லாது. வாப்பா வெளியே இருமினார்.

"தீவப் பத்தித்தான் எழுதியிரிக்கி," என்றேன்.

"அங்க ஆக்கள் இரிக்காங்களா?"

"ஆக்களவிட ஆமைதான் கூட."

சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் சம்மதம் சொன்னாய்.

நாலு வருடம் கழித்து உன் மார்பில் கட்டி. உடனே கொழும்புக்குப் போகச் சொன்னார் டாக்டர். உன் கூடப்பிறந்த காக்காமாரிடம் கேட்போம் என்றேன்.

"ஆம்பிளயளோட இதையெல்லாம் எப்பிடிக் கதைக்கிற? என்ட மஹர் இரிக்கிதானே."

கல்முனை நகைக்கடைக்காரர் உரைகல்லில் ஒருதரம் தேய்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை என் கையில் வைத்தாய்.

"அந்தத் துண்ட நீ வாசிச்சாய்தானே?"

நான் பெட்டியைத் திறந்து துண்டை வெளியே எடுத்தேன்.

"சொல்லியிருந்தா காசுக்குப் பதிலா ரெண்டு வளையல் கேட்டிருப்பன். அவ்வளவுதான்." பிறகு, "அவருக்குத் தெரியவேணாம். ஏமாந்துபோனதெண்டு மனிசன் கவலப்படும்."

நோயைச் சொல்லாமல், செலவுக்கென்று மட்டும் சவூதியிலிருந்த மச்சானுக்கு எழுதினாய். என் தோட்டைக் கழற்றித் தந்தேன், வாங்க மறுத்தாய். அவர் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியது சேர்ந்து நாம் கொழும்பு பஸ் ஏறும்போது ஏழு மாதம் போயிருந்தது. பிந்திவிட்டது என்றார்கள்.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு உன்னை அடக்கினார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்போது மச்சான் வந்தார். மஹர் காசு எங்கே என்று என்னிடம் கேட்டார். பெட்டி இதே அலுமாரியில்தான் இருந்தது. வைத்தியத்துக்கு விற்றுவிட்டாய் என்றேன்.

"அதெண்டாலும் உதவிச்சே," என்றார்.