பழைய பெல்ட்டைப் பிரித்துவிடு

மாரண்டஹள்ளி
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் ஸ்டெஃபிக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நலம். உன் நலத்தைப் பற்றி உன்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை, கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்பாய், அதனால் அதைச் சுசித்ராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனில் என் குரல் கொஞ்சம் ஏறினாலே டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுக்கப் படி.

புனேயில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற சுசித்ரா, தன் அக்கா கல்யாணத்துக்குக் காரிமங்கலம் வந்தவள், வியாழக்கிழமை நம் வீட்டுக்கும் வந்தாள். அம்மா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, எங்க புள்ளய பாட்டுக் குழுவுல இருந்து நிறுத்திட்டாங்களே கண்ணு, அவ என்ன தப்பு பண்ணுனா என்று அழ ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை முழித்தது. யாருங்கம்மா நிறுத்துனது, அவளேதான் நிறுத்திக்கிட்டா, கிட்டார் பெல்ட்டு படற எடத்துல தோளு வீங்கி, டாக்டரு ரெண்டு மாசம் எதையும் மாட்டக்கூடாதுன்னுட்டாரு, உங்களுக்குத் தெரியாதுங்களா என்றது. எனக்கு எப்படித் தெரியும்? வேற ஆளு வந்துட்டாங்கப்பா, எனக்கு எடமில்லன்னுட்டாங்க என்றுதானே நீ சொன்னாய்? அதை நம்பி உங்கள் குழுத் தலைவர் மரிய ஆனந்தின் நம்பரைத் தேடிப் பிடித்து, பத்து வயசுல இருந்து கோயில்ல வாசிக்கற புள்ளைய வெளிய தள்ள நீங்க யாருங்க என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேனே. அந்த மனிதர் விசாரிக்கறேங்க ஐயா என்று மட்டும் சொன்னார். அவர் வாயையும் நீதான் கட்டி வைத்திருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. இனி அந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இதைக்கூட விட்டுவிடுவேன். சுசித்ரா அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெல்ட்டுக்குள்ள வட்டமா கெட்டியா ஏதோ இருக்குதுங்கப்பா, அதுதான் எலும்புல குத்துது, பிரிச்சு எடுடின்னா எங்கப்பா தச்சதுன்னு தொடவே வுட மாட்டேங்கறா என்றாள். அது என்ன என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ புனே கிளம்பும்போது, முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற டேங்குக்கு வாங்கி வைத்திருந்த புது பெல்ட்டை எடுத்து, உள்ளே பஞ்சு வைத்து, கோணி ஊசியால் நானே தைத்தேன். உன்னை நிற்க வைத்துத் தோளில் போட்டு, அன்று வண்டியில் விழுந்து எலும்பு முறிந்த இடத்துக்கு நேராகச் சாக்பீஸில் குறி வைத்து, பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய அந்தோனியார் மெடலை அங்கேயே உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். அவர் உள்ளே இருக்கிறார், எடுத்துவிடாதே என்று சொன்னதும் நான்தான். அதற்காக? எடுத்துவிடாதே என்றால் தோள் வீங்கினாலும் எடுக்காதே என்றா அர்த்தம்? எம்.சி.ஏ. படித்தவளுக்கு இது தெரியாதா? உள்ளே தகடு வைத்த எலும்பு, அதன் மேல் ஒரு மெடல், அதன் மேல் கிட்டார் பாரம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். அப்பா மனசு நோகக்கூடாது என்றா? இப்போது மட்டும் நோகவில்லையா? டேங்க் பெல்ட்டில் சின்ன முறுக்கு விழுந்தாலே சாயங்காலம் தோள் கன்றிப்போகும் என்று தெரிந்த நானே மெடலை அங்கே வைத்தேனே, அந்தக் கோபமும் சேர்ந்துதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தக்காளி பறிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓசூர் பஸ் ஏறினேன். கிட்டார் விற்கிற கடைக்காரன் முதலில் பளபளவென்று பூப் போட்ட நைலான் பெல்ட்டை எடுத்துப் போட்டான், அது சட்டையில் வழுக்குகிறது, பாரம் முழுக்கக் கழுத்துப் பக்கம் வந்து நிற்கிறது. இன்னொன்று மெத்தை மாதிரி இருந்தது, கை வைத்து அழுத்தினால் அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது. நான் எடுத்தது பருத்தி, நாலு விரல் அகலம், ஓரத்தை என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன், அறுக்கவில்லை. இரண்டு முனையிலும் கெட்டித் தோல், ஓட்டை சின்னது, கிட்டார் குமிழில் கஷ்டப்பட்டுத்தான் ஏறும், அப்படி இருந்தால்தான் கழன்று விழாது. கடையில் இருந்த கிட்டாரை அதில் மாட்டி அரைமணி நேரம் நின்றேன். ஐயா நீங்க வாசிப்பீங்களா என்று கேட்டான். இல்லப்பா, நான் இருவது வருசமா டேங்க் மாட்டறவன் என்றேன். அந்தப் பெல்ட்டைத்தான் இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். டாக்டர் சொன்ன இரண்டு மாசம் முடிகிற வரைக்கும் அதை மாட்டினால் நானே புனேவுக்கு வந்துவிடுவேன். கை பரபரத்தால் உட்கார்ந்து மடியில் வைத்து வாசி. பிறகு மாட்டும்போதும் கிட்டார் இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடாது, நெஞ்சோடு இருக்கிற மாதிரி ஏற்றிக் கட்டு.

வீட்டில் வேறு விசேஷம் என்றால், மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மழை இரண்டு நாள் பெய்து நின்றுவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் வியாழக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை, பேசாமலேதான் சோறு போட்டாள். ஏன் என்றால் நாய் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பாலக்கோடு மண்டிக்கு உன்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்துத் தக்காளிப் பெட்டியோடு போனோமே, மெதுவாப் போங்கப்பா என்று இரண்டு தடவை சொன்னாய், நான் கேட்காமல் முறுக்கினேன், வளைவில் மணலில் சறுக்கி உன்னைப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டதும் நாய் குறுக்க வந்துடுச்சும்மா என்று வலியோடு சொன்னாயே. நாய் ஏது? அன்றைக்கு நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்ல உன்னை அன்றைக்கே பழக்கிவிட்டவன் நான்தான். இன்று கோயிலுக்குப் போகும் வழியில்தான் உன் அம்மா வாயைத் திறந்தாள், நீங்க கத்தற கத்துக்கு அந்தப் புள்ள எப்படிங்க உண்மையச் சொல்லும் என்றாள்.

அந்தோனியார் உன்னைக் காப்பார், மாதா உனக்குத் துணை நிற்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. பார்சல் வந்ததும் போன் பண்ணி, எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல், நான் கத்தினால் வைத்துவிடாதே, அம்மாவிடம் கொடுக்கச் சொல். மரிய ஆனந்த் ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அதில் நீ குறுக்கே வராதே. முக்கியமான விஷயம், பழைய பெல்ட்டை இன்றைக்கே பிளேடால் பிரித்துவிடு. மெடலை நீ வைத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அனுப்பிவிடு. அன்று வண்டி ஓட்டினவன் நான், அதை நான் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
கோபம் இன்னும் தீராத உன் அப்பா,
அருள்சாமி