கண்ணாடிக்கு வெளியே ஒரு பொட்டு

அக்கா,

இன்று புதிய இயந்திரம் வந்து இறங்கியது. பலகைப் பெட்டியைப் பிரித்ததும் மர வாசமும் எண்ணெய் வாசமும் எழுந்தன. கூடவே யாரோ கையில் கொண்டுவந்த விபூதியின் வாசம். என் கண்கள் உங்களைத் தேடின.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில், நம் மின்னணுத் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் சேர்ந்தேன். நீங்கள் டிரான்சிஸ்டர் லைனுக்குத் தலைவி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, நுண்ணோக்கியின் கீழ் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டருக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வந்த காலம். பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கும் ஐசி என்ற புதிய பொருளை நமக்குத் தருவதா, வேறு நாட்டுக்குக் கொடுப்பதா என்று தலைமையகம் யோசித்தது. சோதனைக்குச் செய்யும் சில்லுகள் தேறினால்தான் நமக்கு. அதற்காகத் தானியங்கி இயந்திரம் ஒன்று வந்தது.

பெண்களின் முகம் சுண்டியது. "இது வந்தா நம்ம கைக்கு வேல இல்ல லா, அக்கா."

"வந்த மருமகள வாசல்லயே திட்டுவியா? பொட்டு வச்சிக் கூப்பிடு," என்றீர்கள்.

ஆயுத பூசை நேரம். நீங்களே இயந்திரத்துக்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்தீர்கள், தூசு நுழையக் கூடாத அந்த அறையில்! சில்லுகள் வரிசையாகக் கெட்டன. சாம்பலைக் கண்டுபிடித்த சீன மேனேஜர், யார் செய்தது என்று கத்தினார்.

"நான்தான் பாஸ். சாமி மேல தப்பில்ல, வச்ச எடந்தான் தப்பு. இன்னொரு வாட்டி ஓட்டிப் பாக்கலாம்."

நீங்களும் நானும் குனிந்து குனிந்து துடைத்தோம். மறுமுறை தேறியது. ஐசி நமக்கே வந்தது. மேனேஜர் விரிவாக்கத் திட்டத்தை வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்: "பழைய லைன் பிள்ளைங்க எங்க உக்காருவாங்க?"

அந்தக் கேள்வியால்தான் ஐசிகளைச் சோதிக்கும் புதிய பிரிவுக்கு அவர்களையே முதலில் எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போன உங்களுக்கு அங்கே இடமில்லை. "எனக்கென்ன, வட சுட்டுப் பொழச்சிக்குவேன்," என்று சிரித்துக்கொண்டே சிலிபின் பகுதியில் இருந்த உங்கள் வீட்டுக்குப் போனீர்கள். நான் சிரிக்கவில்லை, அக்கா.

இன்றும் பொட்டை அறைக்கு வெளியே, கதவுக் கண்ணாடியில்தான் வைத்தோம். பிறகு மேலே போய், அடுத்த பொருளுக்கான திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில், எப்போதும்போல், உங்கள் கேள்வி. அதற்குப் பதில் எழுதாமல் இரண்டாவது வரிக்கு என் கை நகர்வதில்லை.