காய்ந்த நாக்கும் மிளகு ரசமும்

மார்ச் 4
இந்த மாதம் வரிசையாக எழுத வேண்டியவை:
1. ருசி இல்லாதது ரசத்திலா, என் நாக்கிலா?
2. நீலா ரசம் வைப்பது சுதர்ஷனின் நாக்குக்காக, என் நாக்குக்காக அல்ல.
3. சுதர்ஷன் ரசத்துக்காக வரவில்லை.

முதலாவது கேள்வி. மற்ற இரண்டும் வெறும் சந்தேகம்தானோ? கல்லூரியில் உடலியல் நடத்தியவன் சந்தேகத்தை முடிவு என்று எழுதக் கூடாது.

மார்ச் 5
சுதர்ஷன் எதிர் ஃப்ளாட்காரர். இங்கே கொச்சியில், ஏலூர் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மனைவி இறந்துவிட்டாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகக் கதவைத் தட்டுகிறார். இன்றும் ஒரு டம்ளர் ரசத்தைக் குடித்துவிட்டு, "மாமி, அமிர்தம்!" என்றார். நீலாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "உப்பே இல்லையே" என்றேன். சிரிப்பு போய்விட்டது.

என் மனைவியைச் சிரிக்கவைக்க எதிர் வீட்டிலிருந்து ஆள் வரணுமா?

மார்ச் 9
பரிசோதனை. ரசம் சமையலறையிலேயே டம்ளரில் ஊற்றித்தான் வருகிறது. அவருடையதில் தனியாக ஏதாவது சேர்க்கிறாளோ? அவர் கை கழுவப் போனபோது டம்ளர்களை மாற்றிவைத்தேன். அவருடையதும் எனக்கு வெந்நீர்தான். என்னுடையதைக் குடித்தவர், "அமிர்தம்!"

ஆக, ஒரே ரசம். அவருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது குறிப்பு உறுதியாகிறது.

மார்ச் 10
"இனிமே வராதீங்கோ." சுதர்ஷனிடம் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீட்டிப் பார்த்தால் பழைய தோல்பை மாதிரி வெடிப்பு வெடிப்பாக — இது எப்போதிருந்து?

மார்ச் 11
டாக்டர் ஸுப்ரியா, மலையாளம் கலந்த தமிழில்: "நாக்கு நல்லா உணங்கிப் போச்சல்லோ, ஸாரே! வெள்ளம் குடிக்கறதே இல்லையா?"

இல்லை, தண்ணீர் குடிப்பதே இல்லை. வெளியே போனால் கழிப்பறை எங்கே என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். வீட்டிலோ, இருட்டில் எழுந்து நடக்கப் பயம்.

உடம்பில் நீர் குறைந்தால் உமிழ்நீர் குறையும். நாக்கின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். உப்பைக் கரைத்துச் சுவை மொட்டுகளுக்குக் கொண்டுபோக ஈரம் இருக்காது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்தான்.

மார்ச் 12
குடிக்கிறேன். எழுந்திருக்கிறேன். விழவில்லை.

மார்ச் 16
நாக்கு மெத்தென்று ஆகிவிட்டது. தைரியமும் வந்திருக்கிறதோ? நாளை சொல்லிவிடுவேன்: வர வேண்டாம்.

மார்ச் 17
சொல்லவில்லை.

சுதர்ஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ரசம் எடுத்தேன். துப்பிவிட்டேன்.

"நீலா, ஒரே உப்பு! வாயில வைக்க முடியலை!"

"நன்னாயிருக்கே! உப்பே இல்லை, உப்பே இல்லைன்னு நாலு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருந்தது யாரு? உங்களுக்காகத்தானே கூடக் கூடப் போட்டேன்!" அவள் ரசம் தொடுவதில்லை; ராத்திரி அவளுக்குப் பாலும் பழமும்தான்.

இருவரும் சுதர்ஷனைப் பார்த்தோம். அவர் டம்ளர் காலியாக இருந்தது.

"ஏன் ஓய், நீராவது சொல்லக் கூடாதா?" என்றேன்.

தலை நிமிரவில்லை. "குறை சொன்னா, மறுநாள் எந்த முகத்தோட வந்து கதவைத் தட்டறது, ஸார்?"

"அசடு" என்று நீலா சிரித்தாள். நானே எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் அப்படிச் சிரித்தது இப்போதும் பிடிக்கவில்லை. இருந்தாலும் "நாளைக்கு வாரும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

மூன்றாவது குறிப்பு சரி. அவர் ரசத்துக்காக வரவில்லை.

இரண்டாவது தவறு. அத்தனை உப்பும் எனக்காக.