இடது கைக்குள் ஒரு படகு

ஐப்பசி 8, புதன்

காலையிலிருந்து தூறல். வாடைக் காற்று. கூரைத் தகரத்தில் ஒரு ஆணி கழன்று தடதட என்று அடிக்கிறது. ஏறி அடிக்க இப்போது எனக்குத் தெம்பில்லை. மச்சான் ஏழுமலையிடம் சொல்ல வேண்டும்.

எழுந்ததும் முதல் வேலை கை. இடது முழங்கைக்குக் கீழே, டாக்டர் இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்த இடம். மெஷின் ஊசி அதில்தான். விரலை வைத்தால் உள்ளே விறுவிறு என்று ஓடும். காதை வைத்தால் தூரத்தில் இஞ்சின் படகு போகிற மாதிரி கேட்கும். அது ஓடுகிற வரைக்கும் மெஷினில் ரத்தம் கழுவலாம். நின்றுபோனால் கழுத்தில் குழாய். கழுத்துக் குழாயை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. அந்தக் குளிர்க் காய்ச்சல், பல் கிட்டிப்போய் கட்டிலோடு சேர்ந்து உதறியது. மறுபடியும் வேண்டாம்.

அடுப்படியிலிருந்து கஸ்தூரி கேட்டாள். கைக்குள் ஓடுகிற இந்தப் படகைத்தான் போட்டு என்பாள்.

"போட்டு எங்க கீது?"

"கரைகிட்ட."

"அப்ப வந்து கஞ்சி குடி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெண்டாட்டி தினமும் என்னை நலம் விசாரிப்பது இப்போதுதான். அதற்கு இரண்டு கிட்னியும் போக வேண்டியிருந்தது.

கஞ்சியில் உப்பு இல்லை. தொட்டுக்கொள்ள வேகவைத்து இறுத்த புடலங்காய். பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்தினாலும் வருகிறது.

தண்ணீர்: டாக்டர் சொன்ன அளவோடு. (நடுவில் ஒரு ஐஸ் கட்டி. அதைத் தண்ணீர் என்று யார் சொன்னது?)

ஐப்பசி 9, வியாழன்

மெஷின் நாள். பொன்னேரி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. இடது கை கம்பியில் இடிபடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மா நான் பச்சைக் குழந்தை வைத்திருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் வழக்கம்போல காட்டூர் விவசாயி. நல்ல மனுஷன். அவருக்கும் திங்கள், வியாழன்தான். ரத்தம் சிவப்பாக வெளியே போய் உள்ளே வருவதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி ஊர்க்கதை பேசுவோம்.

"வர்ற செவ்வாக்கெழம எனக்கு பாடு" என்றேன்.

"எனக்கு தெனமும் பாடுதாங்க" என்றார்.

சிரித்ததில் மெஷின் கூவியது. நர்ஸம்மா வந்து திட்டினாள். பிறகு பாடு என்றால் என்ன என்று அவருக்குச் சொன்னேன். ஏரியில் நல்ல இடத்தில் அன்றைக்கு வலை போடுகிற முறை; ஊரில் ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும்; யார் முறையோ அந்த ஆள் படகில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்தவனுக்குப் போய்விடும். "நெலம்னா நம்ம வரலன்னாலும் அங்கியே கெடக்கும்" என்றார் காட்டூர்க்காரர். அதைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது.

ஊசி எடுத்ததும் நர்ஸம்மாவின் பாடம், வாரா வாரம் அதே பாடம்: "இந்தக் கையில வாட்ச் கட்டாதீங்க, கயிறு கட்டாதீங்க, பிரஷர் பாக்க விடாதீங்க, வெயிட் தூக்காதீங்க, இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காதீங்க. சத்தம் கொறைஞ்சா அன்னிக்கே வந்துடணும். காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது."

சரிங்க, சரிங்க, சரிங்க.

வந்ததும் படுத்துவிட்டேன். கெண்டைக்கால் இழுத்தது.

ஐப்பசி 10, வெள்ளி

மழை விட்டது. வெயில் வந்ததும் ஊர் முழுக்க இறால் பேச்சு. ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் திறந்துகொண்டதாம், கடல் தண்ணீர் உள்ளே வருகிறதாம். அப்படியானால் நம் இடத்தில் செவ்வாய்க்கிழமை இறால் நிற்கும்.

ஊர்த் தலைவர், எங்கள் நாட்டார் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காராத ஆள், இன்றைக்கு உட்கார்ந்தார்.

"போன ரெண்டு பாடும் நீ வர்ல. ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கேக்குறேன். உன் பேர கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெக்கட்டுமா? ஒடம்பு தேறுனதும் சேத்துக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். இந்த உடம்பு தேறுகிற உடம்பு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்தி வைத்த பெயரை இந்த ஊரில் யாரும் திரும்ப எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. செத்தவன் சட்டையை உயிரோடு இருக்கும்போதே மடித்து வைக்கிற மாதிரி இருந்தது.

"செவ்வாக்கெழம நானே வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

கஸ்தூரி நாட்டார் போகிற வரை வாயைத் திறக்கவில்லை. போனதும் திறந்தாள். எழுத முடியாது.

நடுவில் அவள் அக்கா தர்காவில் மந்திரித்த கயிற்றோடு வந்தாள். நோவு இருக்கிற கையில்தான் கட்ட வேண்டுமாம். இடது கையில் எதையும் கட்டக் கூடாது என்று கஸ்தூரி சொல்ல, "சாமி கயிறு இன்னாடி பண்ணும்?" என்று அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். கயிறு இப்போது கேஸ் சிலிண்டர் கழுத்தில் கட்டியிருக்கிறது. சிலிண்டர் இந்த முறை நிறைய நாள் வந்தால் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீர்: மீறிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசி 12, ஞாயிறு

தாகம். தாகம் தவிர வேறு எழுத ஒன்றும் இல்லை. வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். நான் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்கிறேன்.

உடம்பு அரிப்பு வேறு. மகள் திவ்யா சீப்பால் முதுகைச் சொறிந்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிறவள். சொறிந்துகொண்டே கேட்டாள்.

"நைனா, செவ்வாக்கெழம போயே ஆவணுமா?"

"சும்மா உக்காந்துட்டு வரதுதான்."

"போட்டுல ஏறி சும்மா உக்காந்து உன்ன நான் பாத்ததே இல்ல."

இன்னும் கொஞ்சம் கீழே சொறியச் சொன்னேன்.

ஏழுமலை வந்தான், கஸ்தூரியின் தம்பி. ஆணியை அடித்துக்கொடுத்தான். அவனும் அவன் கூட்டாளியும் வலையை இழுப்பார்கள், நான் பலகையில் உட்கார்ந்து ஊருக்கு முகம் காட்டினால் போதும் என்று பேச்சு. "மாமா, நீ கைய மடில வெச்சுக்கினு உஷாரா உக்காரு. கயிறு பக்கமே வராத" என்றான். தலையாட்டினேன். கஸ்தூரி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை.

படகு: நல்ல சத்தம். கிட்டத்தில்.

ஐப்பசி 13, திங்கள்

பக்கத்துக் கட்டிலில் வேறு ஆள். சின்னப் பையன் மாதிரி இருந்தான். காட்டூர்க்காரர் எங்கே என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். பிளாஸ்திரி கிழித்தாள். அப்புறம் மெதுவாக:

"அவருக்கு கை நின்னுடுச்சு. மழை வருதுன்னு நெல் மூட்டைய அவரே தூக்கி உள்ள போட்டாராம். ராத்திரியே தெரிஞ்சிருக்கு, பயந்துகிட்டு வீட்ல சொல்லல. காலையில எல்லாம் உறைஞ்சு போச்சு. கழுத்துல போட பட்டணத்துக்கு அனுப்பிட்டாங்க."

மெஷின் ஓடி முடிகிற வரை என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மூட்டை. அதுவும் அவர் வீட்டு நெல், அவர் வாசலில். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று அவர் மேல் கோபமாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன், நாளைக்குப் போக வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நாட்டார். "காலைல சீக்கிரம் எறங்கிடு, எல்லாரும் உன்னப் பாக்கணும்னு கீறாங்க" என்று முதுகைத் தட்டினார். என் வாயிலிருந்து "சரிங்க" என்றுதான் வந்தது. நர்ஸம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சரிங்க.

கஸ்தூரியிடம் காட்டூர்க்காரர் கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைக் கட்டிப்போட்டிருப்பாள்.

அவள் சண்டையை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது. என் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து அதன் இடது கையில் சிவப்புத் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள், கம்பி ஏற்றிய லாரிக்குப் பின்னால் கட்டுவார்களே அந்த மாதிரி. "நீ மறந்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும்" என்றாள்.

தூக்கம் வரவில்லை. பயம். வேறு எதுவும் இல்லை, பயம்தான்.

ஐப்பசி 14, செவ்வாய். மதியம்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. கஸ்தூரி இன்னும் கரையில் இறால் ஏலத்தில் இருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் கரையில் எல்லாரும் பேசினார்கள். ஒருவன் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கியே படகில் ஏற்றிவிட்டான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஏரி பளபள என்று கிடந்தது. எத்தனை மாதம் கழித்து. இஞ்சின் சத்தம், டீசல் வாசனை, காலடியில் தண்ணீர். நோயாளி என்பதையே மறந்துவிட்டேன். அதுதான் தப்பு.

வெயில் ஏறியதும் புழுக்கம். சட்டைக் கையை மேலே சுருட்டினேன். சிவப்புத் துணி மடிப்புக்குள் போய்விட்டது.

வலையில் நல்ல இறால். இழுப்பும் அதிகம், முகத்துவாரம் திறந்திருக்கிறதே. ஏழுமலையின் கால் படகிலிருந்த சேற்றில் வழுக்கியது. கயிறு அவன் கையிலிருந்து நழுவிப் பலகை மேல் என்னைத் தாண்டி ஓடியது. வலது கையால் பலகையைப் பிடித்திருந்தேன். இடது கை தானாகப் போனது. கயிற்றைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிறுத்தினேன். சின்ன வயசிலிருந்து ஓடுகிற கயிற்றை இப்படித்தான் நிறுத்துவேன். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கைக்கு நோய் வந்தது கைக்கே தெரியவில்லை.

"மாமா, கை! கைய்யி!"

ஏழுமலை கத்திய பிறகுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் கயிறு இறுக்கியது என்று தெரியவில்லை. அவிழ்த்தேன். தைத்த இடத்தின் மேலேயே சிவப்பாகத் தடம்.

விரலை வைத்தேன். விரல் மரத்திருந்தது, ஒன்றும் புரியவில்லை. காதை வைத்தேன். படகு இஞ்சின் சத்தம்தான் கேட்டது.

"இஞ்சின நிறுத்து."

நிறுத்தினார்கள். காற்று, பலகையில் தண்ணீர் அடிக்கிற சத்தம், என் நெஞ்சு அடிக்கிற சத்தம். எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஓடுதா மாமா?"

"ஓடுது."

"நல்லா பாத்து சொல்லு."

"ஓடுதுடா. சொல்றேன்ல. அக்காகிட்ட போய் ஒளறாத."

கரையில் இறாலைக் கொட்டியதும் கூட்டம். நாட்டார் என் தோளில் கை போட்டு, "பாத்தியா, உன் பேருக்கு ஏரி குடுக்குது" என்றார். கஸ்தூரி கூடையைத் தூக்கிக்கொண்டே என் பக்கம் பார்த்துச் சிரித்தாள். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம் என்று போட்டு எங்கே என்று கேட்கவில்லை. நல்லவேளை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

இப்போது வீட்டில் தனியாக இருக்கிறேன். பத்து தடவையாவது விரலை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை இருக்கிற மாதிரி. ஒரு தடவை இல்லாத மாதிரி. கொஞ்சம் வீக்கம். வலி இல்லை. வலித்தாலாவது தேவலை.

ஏழுமலையைக் கூப்பிட்டு இப்போதே பொன்னேரி போகலாம். நர்ஸம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. ஆனால் கஸ்தூரி இன்றைக்குத்தான் சிரித்தாள். வாயால் சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் பார்க்கலாம். வீக்கம் வடிந்தால்

அவள் வருகிறாள்.

செவ்வாய், சாயங்காலம்

ஏழுமலை ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறான். கஸ்தூரி பையில் துண்டும் ரிப்போர்ட்டும் திணிக்கிறாள். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவள் வந்ததும் ஏலக் கதையெல்லாம் சொன்னாள். நானும் உம் கொட்டினேன். டீ போடப் போனவள் அங்கிருந்தே கேட்டாள்.

"போட்டு எங்க கீது?"

"கரைகிட்ட."

"இன்னாத்துக்கு கத்துற?"

நான் கத்தியது எனக்கே தெரியவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம். வந்து எதிரில் உட்கார்ந்தாள். சட்டைக் கையை அவளே மேலே ஏற்றினாள். சிவப்புத் துணி, அதற்குக் கீழே கயிற்றுத் தடம். அதைப் பார்த்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"காட்டூர்க்காரருக்கு கை நின்னுடுச்சு" என்றேன். ஏன் அதை முதலில் சொன்னேன் என்று தெரியவில்லை. "ஊட்ல சொல்லாம வெச்சுக்கினு இருந்தாராம்."

"நீ எப்போலர்ந்து சொல்லாம கீற?"

"காலைலர்ந்து."

கையில் காதை வைத்தாள். எழுந்து ஃபேனை நிறுத்தினாள். திவ்யாவிடம் டிவியை அணைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. திவ்யா ஓடிப்போய் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து சுவரோரம் நின்றுகொண்டாள். கஸ்தூரி மறுபடியும் குனிந்து காதை அழுத்தி வைத்தாள். அவள் தலைமுடியில் இறால் வாடை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மூச்சைக்கூட விடவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"போட்டு எங்க கீது?"

காதை எடுக்காமலே சொன்னாள்.

"கீது. தூரமா போய்க்கினு கீது. எந்திரி, போலாம்."